முதல் தட்டு

பிரியாணி அண்டாவின் தம்மை உடைத்து மூடியைத் திறந்ததும், முதல் தட்டை மாஸ்டர் நத்தர்ஷா கடை வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் தலையசைத்த பிறகுதான் கூட்டம் உள்ளே நுழையும். இருபது வருஷப் பழக்கம். எட்டு மாதமாக அந்தத் தட்டு அவரைப் பயமுறுத்துகிறது. சாப்பிட்ட அரை மணியில் வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் வலி. "சாப்பிட்டா குடல் கூடுதலா ரத்தம் கேக்கும் பாய். உங்களுக்கு ரத்தக்குழாய் சுருங்கிப்போச்சு, வந்து சேரல. சீக்கிரம் சரிபண்ணணும்" என்றார் டாக்டர். கல்யாண சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். வீட்டில் கேட்டால் கடையில் சாப்பிட்டேன் என்பார். கடையில் கேட்டால் வீட்டில். பதினாறு கிலோ இறங்கிவிட்டது. முதல் தட்டில் மட்டும் யாரையும் ஏமாற்ற வழியில்லை. நாலு வாய் அள்ளிப்போட்டுத் தலையசைத்துவிட்டு, பின்னால் அரிசி மூட்டைமேல் சுருண்டுகிடப்பார்.

இன்றும் தட்டு வந்தது. "என்ன மாஸ்டர், பாத்துக்கிட்டே இருக்கீங்க? பசி உயிர் போகுது" என்றார் வரிசையில் ஒருவர். கவளத்தை எடுத்தபோதுதான், அந்த ஆளுக்குப் பின்னால் தன் மனைவி மெகராஜ் நிற்பதைப் பார்த்தார். அவர் பீரோவில் ஒளித்துவைத்த ஸ்கேன் கவர் அவள் கையில் இருந்தது. நேரே வந்து எதிரில் உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தாள்.

யாரும் நகரவில்லை. எல்லோரும் நத்தர்ஷாவின் கையிலிருந்த கவளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.