வெட்ட மறுத்த ரம்பம்

“மரத்துல பொகைதான் வருது, வெட்டு விழ மாட்டேங்குது. என்னன்னு பாரு.”

தோளில் சுமந்து வந்த செயின் ரம்பத்தை மேசைமேல் வைத்தார் குவாஹாரா. பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் ஒரிதோ ஏற்கெனவே இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றி வைத்திருந்தான். மெஷினை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான்.

“கண் ஆபரேஷன் ஆகி மூணு வாரந்தானே ஆச்சு, அண்ணே? அதுக்குள்ள மெஷினா?”

“கண்ணெல்லாம் பளிச்சுனு இருக்கு. நாளைக்குக் கோயிலுக்குப் பின்னால அந்தப் பெரிய தேவதாருவச் சாய்க்கணும். நான் போகலைன்னா கோயில் கூரை மேலயே போட்டுருவானுங்க.”

நாற்பது வருடமாக மரம் சாய்ப்பவர். வாய் மட்டும் இருபது வயதிலேயே நின்றுவிட்டது. வெட்டு ஒரு விரற்கடை தப்பினாலும் ஆள் காலி என்பது அவருக்கும் தெரியும்.

“செயினை யாரு மாட்டுனது?”

“நான்தான். முந்தாநாள் பல்லுக்கு மூணு இழுப்புன்னு அரம் போட்டு, எண்ணெய் ஊத்தி, பிரேக்கும் பாத்து வெச்சேன். என் மெஷின வேற யாரு தொடுவா? வீட்டுக்காரிக்கு எண்ணெய்ப் பிசுக்குன்னாலே ஆகாது.”

“இன்னிக்கு ஓட்டறதுக்கு முன்னாடி பாத்தீங்களா?”

“பாக்காம? பல்லெல்லாம் பளபளன்னு இருக்கு.”

“அந்தப் பல்லு எந்தப் பக்கம் பாத்திருக்குன்னு சொல்லுங்க.”

குவாஹாரா குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். தூர வைத்தும் பார்த்தார். கடைசியில் கையுறையைக் கழற்றிவிட்டு மெல்லத் தடவினார். விரல் அப்படியே நின்றது.

செயின் திருப்பி மாட்டப்பட்டிருந்தது.

புது ஆள் முதல் வாரத்தில் செய்கிற தப்பு. செய்தவனை வருஷம் முழுக்கக் கேலி செய்வார்கள். ஒரிதோ சிரிக்கவில்லை.

“இதக்கூடப் பாக்க முடியாத கண்ண வெச்சுக்கிட்டு நாளைக்கு...” குவாஹாராவின் குரல் இறங்கியது. “கூட நிக்கறவனையும் சேத்துக் கொன்னிருப்பேன்.”

அங்கேயே மேஸ்திரிக்குப் போன் போட்டார். “என்னை விட்டுருங்க. டாக்டர் சரின்னு சொன்னப்புறம் வர்றேன்.”

மரத்தடியில் படைப்பதற்காக வழியில் வாங்கியிருந்த சாக்கே என்னும் அரிசி மது பாட்டிலைக் கடைச் சுவரில் இருந்த மலைத்தாய் தெய்வத்தின் மாடத்தில் வைத்தார். இரண்டு முறை கைதட்டி, இடுப்பு வளையக் கும்பிட்டார்.

“என் கையாலயே தப்புப் பண்ண வெச்சு என்னைக் காப்பாத்திட்டா, தம்பி. இந்த நன்றிக் கடன எப்படித் தீர்ப்பேன்னு தெரியல.”

ஆபரேஷன் செய்த கண்ணோடு மற்றக் கண்ணும் கலங்கியிருந்தது.

மெஷினைக் கடையிலேயே விட்டுவிட்டு அவர் நடந்து போனார். பாதை வளைவில் அவர் தலை மறைந்ததும், ஒரிதோ அவர் வீட்டுக்குப் போன் போட்டான்.

“அண்ணி, உங்களுக்குச் சேர வேண்டிய சாக்கே பாட்டில் ஒண்ணு இங்க இருக்கு, அப்புறம் தர்றேன். நான் சொல்லிக் குடுத்த மாதிரியே கச்சிதமாத் திருப்பி மாட்டியிருந்தீங்க. அண்ணன் வந்துக்கிட்டிருக்காரு, நகத்துல இருக்கற எண்ணெய்க் கறையக் கழுவிடுங்க.”