கை வெளியவா?

சாவி செருகித்தான் இருந்தது. அவள் கைதான் மடியை விட்டு எழவில்லை.

கிரேன் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டது. ஆனால் அடியில் சுற்றிய இரண்டு பட்டைகளையும் இன்னும் விடவில்லை. இன்ஜின் ஓடி, எங்கும் ஒழுகவில்லை என்று தெரிந்த பிறகுதான் பட்டையைக் கழற்றுவார்கள். ஓடவில்லையென்றால் படகு திரும்பவும் கரைக்கு, தார்ப்பாய்க்கு அடியில்.

"கழட்டவா, திருப்பித் தூக்கவா? சீக்கிரம் சொல்லுங்கக்கா, பின்னாடி இன்னும் ரெண்டு படகு நிக்குது," என்றார் கிரேன்காரர்.

அவள் இன்ஜின் குழிப் பக்கம் திரும்பினாள்.

கணவர் இன்ஜின் குழிக்குள் இருந்தார். ஸ்பேனரைப் பல்லில் கவ்விக்கொண்டு இறங்கியவர். ஆயுசு முழுக்க பஸ் டிப்போவில் ஃபிட்டர். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து திறந்து கிடந்த குழியின் வாய் மட்டும்தான் தெரிந்தது.

தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் இருவரும் இந்தப் படகில் போன கடல் பயணத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். திமிங்கிலம் வந்ததா, புயலில் மாட்டினீர்களா, பயமாக இல்லையா.

அவளுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் விடியற்காலைகள்தான்.

கரையை ஒட்டியே போனார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு இருவரும் தூங்கிய மீன்பிடித் துறைமுகங்கள். நீட்டிய கை தெரியாத மூடுபனி. குடிதண்ணீரைவிட டீசல் சுலபமாகக் கிடைத்த ஒரு தீவு. எங்கே விடிந்தாலும் வேலை ஒன்றுதான். அவர் குழிக்குள் இறங்கி இன்ஜின் பெல்ட்டை அழுத்திப் பார்ப்பார். அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சத்தம் கொடுப்பாள்.

"கை வெளியவா?"

"வெளிய!"

அதன் பிறகுதான் சாவி. டிப்போவில் பழகி அவர் கொண்டுவந்த சட்டம் அது. முதல் வாரம் ஒரு தடவை கேட்காமல் திருகப் போனாள். அன்றைக்கு வாங்கிய திட்டில் சோறு இறங்கவில்லை.

போகப் போக பதில் வேகமாக வந்தது. வகுப்பில் பேர் கூப்பிடும் முன்பே 'உள்ளேன் ஐயா' சொல்கிற பையனைப் போல. திரும்பும் வழியில் ஒருநாள், அவள் 'கை' என்று வாயெடுத்ததுமே 'வெளிய' வந்துவிட்டது.

அவள் திருகினாள்.

பயணம் அந்த இடத்தோடு நின்றது. மீதித் தூரத்தைப் படகு லாரியில் ஏறித்தான் வந்தது.

அதற்குப் பிறகு அவள் இந்தச் சாவியைத் தொட்டதில்லை. "உயிரோட வந்து சேர்ந்தீங்களே, அது போதும்மா," என்றாள் மகள். அவர்தான் விடவில்லை. நின்ற இடத்துக்கே போய் மீதியையும் ஓட்டி முடிக்க வேண்டும் என்றார். சாப்பாட்டுத் தட்டு வைத்தால் அதே பேச்சு, எடுத்தால் அதே பேச்சு. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். இன்று காலை அவருக்குச் சட்டை மாட்டிவிடும்போதுதான் சொன்னாள், வருகிறேன் என்று.

"என்ன கேப்டன், தூங்கிட்டியா?" குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "கேளு."

"கேக்க மாட்டேன். நீங்க வாயால சொல்றது இனிமே செல்லாது. காட்டுங்க."

கிரேன்காரர் சிரித்தார். "வீட்டுச் சண்டையை வீட்டுலயே முடிச்சுட்டு வரக் கூடாதாக்கா?"

அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பட்டையோடு நாள் முழுக்க நிற்பதென்றாலும் நிற்பாள் போலிருந்தது.

குழியின் வாயிலிருந்து இடக்கை எழுந்தது. கிரீஸ் அப்பிய ஐந்து விரல்களும் விரிந்திருந்தன.

"திருடனைப் பிடிச்ச மாதிரி கையைத் தூக்கச் சொல்றே. போதுமா?"

"இன்னொண்ணு?"

கிரேன்காரர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு பட்டைக் கொக்கியைப் பார்க்க ஆரம்பித்தார்.

இடக்கைக்குப் பக்கத்தில், வலப்பக்கத்துச் சட்டைக் கை மெதுவாக மேலே வந்தது. மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில், காலையில் அவளே மடித்துக் குத்திய ஊக்கு வெயிலில் மின்னியது.

அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு சாவியைத் திருகினாள்.

இன்ஜின் இருமியது. கரும்புகை கக்கியது. பிடித்துக்கொண்டது.

அது சீராக ஓடத் தொடங்கும் வரை அந்த இரண்டும் கீழே இறங்கவே இல்லை.