கழுத்து வரைக்கும்

கண், மூக்கு, வாய் எல்லாம் வந்துவிட்டன. கழுத்து இறங்கும் நேரத்தில் உயிர் போய்விட்டது.

“ஒன்பதாவது தடவை!” கணக்கு வாத்தியார் கம்ப்யூட்டர் மேஜையில் ஓங்கித் தட்டியதில் மோடம் எகிறிக் குதித்தது. கடல் கடந்து வேலைக்குப் போன ஒரே மகள் இரண்டு வருஷத்துக்குப் பிறகு அனுப்பிய போட்டோ அது. நான்கு நாளாக, ஒவ்வொரு தடவையும் டெலிபோன் லைன் அறுந்து, முகத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

“முகந்தான் தெரியுதே, போதாதா?” சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

“எது போதும்? பாதிப் பிள்ளையைப் பாத்துட்டு உக்காந்திருக்கவா?”

புகார் கொடுத்து, காத்திருந்து, கத்தித் தீர்த்த பிறகு ஒருவழியாக டெலிபோன் லைன்மேன் வந்தார். சுவர்ப் பெட்டியைத் திறந்து, தன் சோதனை போனை மாட்டிக் காதில் வைத்தார்.

“கரகரப்பே இல்ல சார். உங்களுக்குக் கிடைக்கிற வேகம் இந்தத் தெருவுல யாருக்கும் கிடைக்காது.”

“அப்ப ஏன்யா அறுந்து போகுது? கம்ப்யூட்டர்ல பேப்பர் படிச்சா அறுந்து போகல. லெட்டர் அனுப்பினா அறுந்து போகல. என் பொண்ணு படம்னா மட்டும் உங்க லைனுக்கு மூக்குல வேர்த்துடுதா?”

“பழைய கம்பி சார். மழைத் தண்ணி இறங்கியிருந்தா...”

“மழை பெஞ்சு மூணு மாசமாச்சு! சாக்குச் சொல்லத்தான் சம்பளமா?”

லைன்மேனின் முகம் சுருங்கியது. “வீட்டுல வேற போன் இருக்கா?”

“சமையலறையில ஒண்ணு. அதை யார் தொடுறா?”

“நீங்க மறுபடி போடுங்க. நான் பாத்துட்டு வர்றேன்.”

மோடம் கீச்சிட்டது, கனைத்தது, அடங்கியது. வாத்தியார் வழக்கம்போல வீடு அதிர அறிவிக்க ஆரம்பித்தார்.

“முடி வந்தாச்சு! நெத்தி... கண்ணு... அடியே, சிரிக்கிறாடி!”

சமையலறை வாசலில் லைன்மேன் நின்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாத்தியாரின் மனைவி ரிசீவரைக் கையில் எடுத்தாள்.

“போச்சு! பாழாப்போன லைன்!” உள்ளே கூச்சல்.

லைன்மேனுக்குச் சுருக்கென்றது. இத்தனை நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் இதற்குத்தானா?

“அம்மா, நீங்க இதை எடுத்தா அங்க கனெக்‌ஷன் போயிடும்.”

“தெரியும் தம்பி.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஆறு மாசம் முன்னால அவளுக்கு ஒரு விபத்து. என்கிட்ட மட்டும்தான் சொன்னா. அப்பாகிட்ட வாயால சொல்ல முடியாம, போட்டோவா அனுப்பிட்டா. இவர் நெஞ்சு தாங்காது.”

“என்னம்மா ஆச்சு?”

ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“இடது கை இல்ல.”