மர்செலின் பாட்டில்

மாமா பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஒயினை அப்படித்தான் பார்ப்பார். இது என் மைத்துனன் மர்செலின் சிறுநீர்.

"மாப்ளே, வந்து பாருங்க. கழுத்து வரைக்கும் ஏறியிருக்கு. என்னா நிறம்!"

அறைக்குள்ளிருந்து மர்செல் கத்தினான். "அப்பா, பழக்க தோஷத்துல குடிச்சுடாதீங்க!"

அடுப்படியில் அத்தை சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது.

போன வாரம் இதே ஹார்லிக்ஸ் பாட்டிலின் அடிகூட நனையவில்லை. மர்செலுக்கு முகமும் காலும் வீங்கிவிட்டன. காரைக்காலிலிருந்து வேலூருக்கு டாக்சியில் ஓடினோம். மாற்றி வைத்த சிறுநீரகம் பிழைத்தால்தான் அவன் பிழைப்பான்.

நான் விலங்கியல் படித்தவன் என்பதால் டாக்டர் என்னிடம் விளக்கினார். உடம்பின் காவல் அணுக்கள் அந்நியனைக் கண்டால் சில ரசாயனங்களை ரத்தத்தில் விடும். அதுதான் சேதி. சேதி வந்ததும் சிறுநீரகத்து ரத்தக் குழாய்களின் உள்சுவர் செல்கள் வீங்கும். ஓடுகிற வெள்ளணுக்களைப் பிடித்து உள்ளே விடும். குழாய் அடைபடும். ஊசி போட்டுச் சேதியை அடக்கப் பார்க்கிறோம் என்றார்.

தலையாட்டினேன். புயலில் சுவர் விழுந்து என் மனைவி கொலெத் போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை.

மாமா பாட்டிலோடு வாசலுக்கே போய்விட்டார். பக்கத்து வீட்டு கமாலுதீன் சைக்கிளை நிறுத்தி, "மாஷா அல்லாஹ், என்ன சர்பத்து?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் இன்னும் சத்தமாக மாஷா அல்லாஹ் என்றார்.

அளவைப் பார்த்தாயிற்று, கொட்டிவிட்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

கொல்லையில் முருங்கை மரம் வரை போனேன். கொட்டவில்லை.

மர்செலின் உடம்பு அந்நியன் என்று விரட்டப் பார்த்தது அவன் அக்காளை. புயலில் சுவர் விழுந்ததற்கு முந்தின வருஷம், தம்பிக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு, விலாவில் தையலோடு வேலூரிலிருந்து என் தோளில் சாய்ந்தபடி வந்த கொலெத்தை.

பாட்டிலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

இன்னும் சூடாக இருந்தது.

"அத்தான், பாட்டிலைக் கொண்டாங்க! மறுபடியும் வருது!"

சிரித்துக்கொண்டே ஓடினேன்.