தண்ணீர்த் தொட்டி எந்தத் தெருவுக்கு?

"ஜெயிக்கிறவங்க மனுதான் கவுன்சிலருக்குப் போவுது. வுட்றாத சைமா," என்றார் அவள் அப்பா ரஷீது.

திருவொற்றியூரின் இரண்டு தெருக்களுக்கும் சேர்த்து வரப்போவது ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி. அது மசூதித் தெருவுக்கா, கோயில் தெருவுக்கா? மறுநாள் பள்ளியில் அதுதான் விவாதம். எதிரணியில் கோயில் தெரு வேம்புவின் மகள் மகிழினி. இதே சண்டையில் அப்பாக்கள் இருவரும் பேச்சை நிறுத்தி எட்டு மாதமாகிறது.

"அவங்களுக்கு இன்னா பாயிண்ட் கீது அத்தா?"

"ஆடி மாசம் கூழு ஊத்த அண்டா அண்டாவா தண்ணி வோணும்பாங்க. மோட்டார் வச்ச வூடே அங்க இல்லம்பாங்க."

சைமா எழுதிக்கொண்டாள். "அதுக்கு இன்னா பதில்?"

ரஷீது தாடியைத் தடவினார். "அதான் எனக்கும் தெரியல."

மறுநாள், பெற்றோர் வரிசையில் அப்பாக்கள் பார்த்திருக்க, சைமா மேடையேறினாள். "தொட்டி கோயில் தெருவுக்கே வேண்டும்."

ரஷீதுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூழ், மோட்டார் எல்லாம் அவர் சொன்னதேதான்.

"அடுத்த தெருவுக்காகப் பேச வேண்டும் என்பதே இன்றைய விதி," என்று டீச்சர் விளக்கினார்.

அடுத்து மகிழினி எழுந்தாள். "தொழுகைக்கு முன் கைகால் கழுவ, மசூதித் தெருவுக்குத்தான் தண்ணீர் அவசியம்."

ரஷீது பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். வேம்பு தலையைச் சொறிந்தார்.

"நீதான் சொல்லிக்குடுத்தியா?"

"ஆமா பாய். இனிமே உன் தெருவுல வையின்னுதான் சண்ட போடணும்போல."