ஒரு கோப்பைக்கு ஒரு வேளை

காபிக் கடையில் விடுமுறைக் கால ஸ்பெஷல் சாக்லேட் காபி விற்பனை நேற்றோடு முடிந்துவிட்டது. ‘நீங்கள் குடிக்கும் ஒவ்வொரு கோப்பைக்கும் பசித்த குழந்தைக்கு ஒரு வேளைச் சாப்பாடு’ என்ற போஸ்டரைக் கிழிக்கக் கைவைத்தார் மேனேஜர்.

“சார், கிழிச்சிடாதீங்க! நான் பதமாப் பிரிச்சு எடுக்கறேன்.”

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் கடையைப் பெருக்குகிறவள். மேனேஜருக்கு எரிச்சல். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மேஜைகளை விட்டுவிட்டு, போஸ்டரில் எலும்பும் தோலுமாக நின்ற சிறுமியின் முகத்தைத்தான் விழுந்து விழுந்து துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்கும்மா, ஒழுகுற கூரைக்கா?”

“இல்ல சார். வீட்டுல எங்க பாப்பா போட்டோ ஒண்ணுகூட இல்ல.”

மேனேஜர் போஸ்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அதே கண்கள். எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

“அடடே, உன் பொண்ணா! அவ மூஞ்சியப் பாத்துத்தான் ஜனம் ரெண்டாவது கப்பும் வாங்கிச்சு. இப்ப மூணு வேளையும் நல்லாச் சாப்பிடுறாளா?”

அவள் போஸ்டரை மடிப்பு விழாமல் சுருட்டினாள்.

“படம் புடிச்சுட்டுப் போனாங்க சார். போஸ்டர் அடிச்சு, காபி வித்து, சாப்பாடு கொண்டு வர்றவரைக்கும் பாப்பா தாங்கல.”