பதில் சொல்லும் குரல்

"விளக்கு, ஃபேன், டிவி எல்லாமே நீங்க சொன்னா கேக்கும்மா" என்றார் கடைக்காரர், பேசும் ஸ்பீக்கர் கருவிகளை மேசையில் எடுத்து வைத்தபடி.

"கேக்கறது இருக்கட்டும். கூப்பிட்டா பதில் சொல்லுமா?" என்றாள் அவள், பக்கத்தில் நின்ற கணவரை ஓரக்கண்ணால் பார்த்தபடி. வீட்டில் பத்துத் தடவை கூப்பிட்டாலும் மனிதர் தலையைத் தூக்குவதில்லை. தன் மேல் அவருக்கு ஆசை விட்டுப்போயிற்று என்றே அவள் முடிவு கட்டியிருந்தாள்.

கடைக்காரர் முதல் கருவியிடம் மணி கேட்டார். தேன் போன்ற பெண்குரல் பதில் சொன்னது.

"இது ஊமையா இருக்கே! வேற காட்டுங்க" என்றார் கணவர்.

இரண்டாவதும் இனிமையாகப் பேசியது.

"இதுவும் ரிப்பேர்."

வாங்கித் தர மனசில்லாமல் நடிக்கிறார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்காரர் எதையோ அழுத்திவிட்டு மறுபடி மணி கேட்டார். இப்போது கனத்த ஆண்குரல்.

"ஆங், இது நல்லாப் பேசுது!"

"அதே கருவிதாம்மா. குரலை மட்டும் மாத்தினேன். எங்க அப்பாவுக்கும் இப்படித்தான், மெல்லிசான குரல் காதுல விழாது."

அவளுடையது கீச்சுக்குரல். அவர் காதருகே போய்க் குரலைக் கட்டையாக்கிக்கொண்டாள். "ஏங்க, நான் பேசறது கேக்குதா?"

அவர் முகம் மலர்ந்தது. "அப்பாடா, வாயைத் திறந்து பேசிட்டியா! நீ எம்மேல கோவத்துல முணுமுணுக்கறேன்னுல்ல இத்தனை நாளா பயந்துட்டிருந்தேன்!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"முதல்ல காது டாக்டர்கிட்ட போலாம், வாங்க" என்று அதே கட்டைக்குரலில் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.